சாரத்தியத்தில் பெண்டிர்: பிரிட்டிஷ் நகரப் போக்குவரத்துச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம்

பஸ்ஸில் கண்டக்டராக இருக்கத் தகுதி பெற்ற பெண் அதே பஸ்ஸுக்கு டிரைவராக ஏன் இருக்கலாகாது என்னும் கேள்விக்கு விடை காண லண்டன் மாநகரத்திற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பிடித்தன. பெண்ணுக்குத் தேகபலம் போதாது என்று அந்நாட்களில் ஓயாமல் சொல்லப்பட்ட காரணம் எவ்வளவு தூரம் மெய்யான காரணம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1914-ல் மூண்ட மகாயுத்தத்திற்கு ஆண்கள் திரள் திரளாகப் போய்விடவே, 1915 நவம்பரில் தாமஸ் டில்லிங் கம்பெனியும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியும் பெண்களைக் கண்டக்டர்களாக அமர்த்தின. தோளில் தோற்பையும், கையில் பல வர்ண டிக்கெட்டுகள் செருகிய மரச்சட்டமும், டிக்கெட்டைத் துளைக்குந்தோறும் மணியொலிக்கும் சிறு பொறியுமாக, மேல்தளத்திற்குச் செல்லும் வளைபடிகளை நாள் முழுவதும் ஏறி இறங்கிய அப்பெண்களின் உழைப்பு, முன்கண்ணாடி கூட இல்லாத ஆசனத்தில் மழைக்கும் பனிக்கும் முகங்கொடுத்து வண்டி செலுத்திய டிரைவரின் உழைப்புக்குக் கிஞ்சித்தும் குறைந்ததன்று என்பேன். ஆயினும் அந்த முன்னாசனம் மட்டும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

கிளாஸ்கோவிலோ, ஜேம்ஸ் டால்ரிம்பிள் என்பாரின் நிர்வாகத்திலிருந்த நகரசபை டிராம்வே, பிளாக் வாட்ச் படையின் கட்டம்போட்ட துணியில் நீண்ட பாவாடை அணிந்த பெண்களைக் கண்டக்டர்களாக வைத்துக்கொண்டதோடு நில்லாமல், அவர்களிற் சிலரிடம் வண்டியோட்டும் பொறுப்பையும் ஒப்படைத்தது. ஒரே தேசத்தில், ஒரே யுத்தத்தின்போது, ஒரு நகரில் சாத்தியமானது மற்றொரு நகரில் அசாத்தியமாயிற்று எனில், குறை பெண்ணின் தேகத்தில் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

1918 ஆகஸ்டில் ஆண்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் யுத்தப்படி உயர்த்தப்பட்டு, பெண்களுக்கு அது மறுக்கப்பட்டபோது, லண்டனின் வில்ஸ்டன் டிப்போவின் பெண்கள் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வேலையை நிறுத்தினர். கிளர்ச்சி பிற டிப்போக்களுக்கும் வெளியூர்களுக்கும் பரவி, மாதம் முடிவதற்குள் அந்த ஐந்து ஷில்லிங்கைப் பெற்றுத் தந்தது. பெண்ணைக் குறைந்த கூலிக்கு அமர்த்தித் தங்கள் சம்பளத்தைக் குலைத்துவிடுவார்களோ என்று ஆண் தொழிலாளர் அஞ்சியதற்கு இதைவிடத் தக்க சமாதானம் வேறென்ன வேண்டும்? யுத்தம் ஓய்ந்து ஆண்கள் திரும்பியதும் அப்பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

இரண்டாம் உலக யுத்தம் அவர்களை மறுபடியும் அழைத்தது. இம்முறை சமாதானம் வந்த பின்னரும் பலர் பணியில் நீடித்தனர், ஆனால் கண்டக்டர்களாகவே. ஆள் பற்றாக்குறை முற்றி, 1956 முதல் கடல் கடந்த பார்படோஸ் தீவிலிருந்து ஆட்களைத் திரட்டிய லண்டன் டிரான்ஸ்போர்ட், தன் பஸ்ஸின் பின்மேடையிலேயே நின்றுகொண்டிருந்த பெண்ணை முன்னாசனத்திற்கு அழைக்கவில்லை. தொழிற்சங்கமும் அதற்கு இசையவில்லை. 1959-ல் முழுவீச்சில் ஓடத் தொடங்கிய ரூட்மாஸ்டர் பஸ்ஸில் ஸ்டீயரிங்கைத் திருப்ப இயந்திர உதவியும், தானே மாறும் கியரும் அமைந்திருந்தன. தேகபல வாதத்துக்கு இருந்த கடைசி ஆதாரமும் அன்றே தகர்ந்தது; அதன் பிறகும் பதினைந்து ஆண்டுகள் அத்தடை நிலைபெற்றதென்றால், அதைத் தாங்கி நின்றது பழக்கமும் ஒப்பந்தமுமே அன்றி வேறில்லை.

1974 ஜூனில் ஜில் வைனர் என்னும் இளம்பெண் நார்பிடன் டிப்போவிலிருந்து லண்டன் பஸ்ஸை ஓட்டிய முதற் பெண்மணியானார். பால் பேதம் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது அதற்கு மறு ஆண்டில்தான்.

சுரங்க ரயிலில் இத்தடை பின்னும் சில ஆண்டுகள் கழித்தே நீங்கியது. 1969-ல் அப்டன் பார்க் ஸ்டேஷனில் சாதாரண ஊழியராகச் சேர்ந்த ஹன்னா டாட்ஸ், டிக்கெட் சேகரிப்பவராகவும் பின்னர் கார்டாகவும் படிப்படியாக உயர்ந்து, ஏழு வாரப் பயிற்சிக்குப்பின் 1978-ல் டிஸ்ட்ரிக்ட் மார்க்கத்தில் டிரைவரானார். அவருடைய சகோதரி எட்னாவும் கார்டாகப் பணியேற்றபின், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக அவ்விருவரும் ஒரே ரயிலை நடத்திச் சென்றதுண்டு.