வேற்றுக்கிரக மீட்பர்கள்

1951இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தைத் தயாரித்தபோது, ஹாலிவுட்டின் தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓர் ஆட்சேபம் வந்தது. வேறொரு கிரகத்திலிருந்து வாஷிங்டனில் வந்திறங்கும் கிளாட்டு, ராணுவத்தின் துப்பாக்கிக்குப் பலியாகிறான். அவனுடன் வந்த எந்திர மனிதன் கோர்ட், உடலைக் கலத்துக்குள் தூக்கிச் சென்று உயிர்ப்பிக்கிறது. செத்தவரை எழுப்பும் வல்லமை கடவுளுக்கே உரியது, அதை இயந்திரத்தின் கையில் கொடுக்கக் கூடாது என்றது ஜோசஃப் பிரீன் தலைமையிலான அந்த அலுவலகம். அதனால் புதிதாக ஒரு வசனம் சேர்க்கப்பட்டது: உயிரும் சாவும் எல்லாம்வல்ல ஆவியின் வசம் இருக்கின்றன, தனக்குக் கிடைத்தது சிறிது காலத்துக்கான நீட்டிப்பு மட்டுமே என்று கிளாட்டுவே சொல்லிவிடுகிறான். திரைப்பட வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைத் தணிக்கையின் குறுகிய புத்திக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேற்றுக்கிரகவாசிப் படங்களைக் கிறிஸ்தவர்கள் வாசித்துவந்த எழுபதாண்டு வரலாற்றில், உயிர்த்தெழுதல் என்ற குறியீட்டின் கனத்தை முழுதாக உணர்ந்து எழுந்த கேள்விகளுள் இது ஒன்று. பின்னால் வந்த அன்பான வரவேற்புகளில் அந்தக் கனம் தொலைந்துபோனது.

அன்றைய சூழலையும் பார்க்க வேண்டும். 1930இல் எழுதப்பட்ட ஹாலிவுட் தயாரிப்பு விதிமுறையின் பின்னால் டேனியல் லார்டு என்ற இயேசு சபைக் குருவும் மார்ட்டின் குயிக்லி என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளரும் இருந்தார்கள். 1934இலிருந்து அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய பிரீனும் கத்தோலிக்கர். 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் (பயஸ்) திரைப்படத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். திரைக்கு முன் திருச்சபை முதலில் காவலாளியாகத்தான் நின்றது. அந்தக் காவலையும் மீறித் திரைக்கதையாசிரியர் எட்மண்ட் நார்த் ஒரு காரியம் செய்திருந்தார். கிளாட்டு மக்களோடு மக்களாக வாழும்போது, தான் எடுத்து அணிந்த உடையின் சலவைச் சீட்டில் கண்ட ‘கார்ப்பென்டர்’, அதாவது தச்சர், என்ற பெயரைச் சூடிக்கொள்கிறான். ஒருவன் அவனைக் காட்டிக்கொடுக்கிறான். கிளாட்டு சாகிறான், எழுகிறான், மேலே போகிறான். மூலக்கதையான ஹாரி பேட்ஸின் 1940ஆம் ஆண்டுச் சிறுகதையில் இந்த அடுக்கு கிடையாது. இயக்குநர் ராபர்ட் வைஸிடம்கூடச் சொல்லாமல் தானே செய்த வேலை இது என்று நார்த் பிற்பாடு ஒப்புக்கொண்டார். பிறர் சுட்டிக்காட்டிய பிறகே தனக்குத் தெரிந்தது என்றார் வைஸ்.

பனிப்போர்க் காலத்து அமெரிக்காவில் இப்படிப்பட்ட கலவைக்கு நல்ல வரவேற்பு இருந்தது. 1952இல் வெளிவந்த ‘ரெட் பிளானட் மார்ஸ்’ படத்தில் செவ்வாயிலிருந்து வரும் செய்திகள் மலைப்பொழிவை நினைவூட்ட, சோவியத் ஆட்சியே கவிழ்கிறது. ஹெச்.ஜி. வெல்ஸ் 1898இல் எழுதிய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலில் வரும் உதவிக் குரு, அச்சத்தில் புத்தி பேதலித்த கோழை. 1953இல் வந்த படமோ அந்த இடத்தில் மேத்யூ காலின்ஸ் என்ற போதகரை வைத்தது. 23ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே அவர் செவ்வாய்க்காரர்களை நோக்கி நடந்துபோய் எரிந்து சாகிறார். நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்ட எதிரி நாட்டுக்கு முன் நாம் விசுவாசிகள் என்று காட்டிக்கொள்ளும் தேவை அன்று இருந்தது. 1954இல் அமெரிக்கக் கொடி உறுதிமொழிக்குள் கடவுளின் பெயர் நுழைந்ததும் அதே காற்றில்தான்.

பெரிய திருப்பம் 1982இல் ‘ஈ.டி.’ வந்தபோது ஏற்பட்டது. ஒளிரும் இதயம், தொட்டுக் குணமாக்கும் விரல், மரணம், மீண்டெழுதல், வானேறுதல், மேரி என்ற பெயருள்ள தாய், மைக்கேலாஞ்சலோவின் ஆதாமை நினைவூட்டும் சுவரொட்டி. கிறிஸ்தவ வாசகர்கள் இவற்றை மகிழ்ச்சியோடு பட்டியலிட்டார்கள். யூதரான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கோ, கிறிஸ்தவ உவமை எடுத்திருக்கிறேன் என்றால் யூத உணவகம் நடத்தும் என் தாய் என்ன சொல்வார் என்று கேட்டு அந்த வாசிப்பை விலக்கினார். காவலாளியின் இடத்தில் இப்போது ஒப்புமை தேடுபவர் உட்கார்ந்துவிட்டார். 2013இல் இது வணிகமாகவே ஆனது. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வெளியானபோது வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் போதகர்களுக்குச் சிறப்புக் காட்சிகள் நடத்தி, இயேசுவைச் சூப்பர்மேனோடு இணைத்துப் பிரசங்கிக்க ஆயத்தக் குறிப்புகளையும் கொடுத்தது. கிரிப்டானிலிருந்து வந்த 33 வயது நாயகன் தேவாலயத்தில் அமர்ந்திருக்க, பின்னால் கெத்சமனே காட்சி வரைந்த வண்ணக் கண்ணாடி. அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூத இளைஞர்கள்; பேழையில் மிதக்கவிடப்பட்ட மோசேயின் சாயலே அதில் முந்தியது என்று சொல்ல நியாயம் உண்டு. பிரசங்க மேடையில் அதற்கு இடம் இருக்கவில்லை.

இந்த ஒப்புமைகள் வெளிவடிவத்தோடு நின்றுவிடுகின்றன என்பதே என் வாதம். கிறிஸ்தவ நம்பிக்கையின்படி கடவுள் மனிதராகவே ஆனார். பசித்தார், வியர்த்தார், செத்தார். அவர் மனிதரைப்போலத் தோன்றினாரே தவிர உண்மையில் மனித உடல் எடுக்கவில்லை என்ற போதனையை, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தியோக்கியா ஆயர் இக்னேசியார் தம் கடிதங்களில் கடுமையாக எதிர்த்தார். திரையில் நாம் காணும் வேற்றுக்கிரக மீட்பர் பெரும்பாலும் அந்த மறுக்கப்பட்ட போதனையின் உருவம்: மனித வேடமிட்ட விருந்தாளி, வேலை முடிந்ததும் வீடு திரும்புகிறவன். அவன் சாவும் யாருக்காகவும் அல்ல. ஈ.டி. வீட்டைப் பிரிந்து நலிந்து மடிகிறது. கிளாட்டு வீரர்களின் பதற்றத்தால் சாகிறான். கிளாட்டு விட்டுச்செல்லும் நற்செய்தியும் என்ன? வன்முறையைப் பிற கிரகங்களுக்குக் கொண்டுவந்தால் கோர்ட் போன்ற எந்திரங்கள் பூமியைச் சாம்பலாக்கிவிடும் என்ற எச்சரிக்கை. சிலுவையில் தன்னை அடித்தவர்களை மன்னித்தவரோடு இதை இணைக்கப் பெயர் ஒற்றுமை போதாது.

பொழுதுபோக்குப் படத்தில் இறையியல் முழுவதையும் எதிர்பார்ப்பது அநியாயம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், என் குறை படத்தின்மீது அல்ல, கிடைத்த சாயலையே சாட்சியாக ஏற்கும் வாசிப்பின்மீது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவச் சிந்தனையாளர் ஜஸ்டின், கிறிஸ்துவை அறியாத ஞானிகளிடமும் இறைவார்த்தையின் விதைகள் இருந்தன என்று எழுதினார். அப்படியானால் ஹாலிவுட்டில் அவை ஏன் இருக்கக் கூடாது? இருக்கலாம். ஆனால் ஜஸ்டின் அந்த ஞானிகள் உண்மையைப் பகுதியாகவே கண்டார்கள் என்றும் சொன்னார். அதோடு, புராணக் கதைகள் சிலவற்றில் கிறிஸ்துவின் சாயல் தெரிவதைத் தீய ஆவிகளின் போலி என்று எச்சரித்தவரும் அவரே. தீய ஆவிகளைப் பற்றிய கூற்றை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் வரவேற்பையும் விசாரணையையும் ஒரே மனிதர் சேர்த்துச் செய்தார் என்பது முக்கியம். வரவேற்பை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஜஸ்டினின் வழி ஆகாது.

எம். நைட் ஷியாமளனின் ‘சைன்ஸ்’ (2002) எனக்கு இதனாலேயே மதிப்புமிக்கதாகிறது. தமிழ்த் தாய்க்கும் மலையாளத் தந்தைக்கும் மாஹேயில் பிறந்து, அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்த இந்து வீட்டுப் பிள்ளை எடுத்த படம் அது. அதில் வேற்றுக்கிரகவாசிகள் மீட்பர்கள் இல்லை. மனைவியை விபத்தில் இழந்து குருப்பணியைத் துறந்த கிரகாம் ஹெஸ்ஸின் வீட்டுச் சுவரில், சிலுவை தொங்கிய இடம் மட்டும் வெளிறிக் கிடக்கிறது. நடப்பவற்றுக்குப் பின்னால் யாரேனும் இருக்கிறார்களா, எல்லாம் தற்செயலா என்ற கேள்வியை அவனே சுமக்கிறான். அந்நியர்களைப் பேய்களாகவும் அவர்களைச் சாய்க்கும் தண்ணீரைத் தீர்த்தமாகவும் வாசிப்பவர்கள் உண்டு. அப்படி வாசிக்காமலே படம் நம்பிக்கையின் சிக்கலுக்குள் இறங்கிவிடுகிறது.

திரை இன்னும் அதிகம் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது. 1958இல் சி.எஸ். லூயிஸ் ஒரு கட்டுரையில் கேள்விகளை வரிசையாக வைத்தார்: வேறு உலகங்களில் உயிர்கள் உண்டா, அவற்றுக்கு ஆன்மா உண்டா, அவை நம்மைப்போல வீழ்ந்தவையா, வீழ்ந்திருந்தால் மீட்பின் வழி ஒன்றேயா? அரை நூற்றாண்டு கழித்து 2008இல், வாடிகன் வானியல் ஆய்வகத்தின் அன்றைய இயக்குநர் ஹோசே கப்ரியேல் ஃபூனஸ், காணாமற்போன ஓர் ஆடு மனித இனமாகவே இருக்கலாம், மற்றவர்கள் மேய்ப்பரைவிட்டு விலகாதவர்களாக இருக்கலாம் என்றார். லூயிஸ் 1938லேயே இதைக் கதையாக்கியிருந்தார். ‘அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்’ நாவலில் செவ்வாயின் மக்கள் பாவத்தில் விழாதவர்கள். தங்கத்தையும் ஆதிக்கத்தையும் தேடிக் கலமேறி அங்கே போய்க் கொலை செய்பவர்கள் பூமியின் மனிதர்கள்.