இருட்டறையில் விளக்கேந்தியவர்கள்

திரைப்படத்தின் வரலாற்றை எழுதியோர் பலர். நடித்தவர்களைப் பற்றியும், இயக்கியவர்களைப் பற்றியும், இசையமைத்தவர்களைப் பற்றியும் நூல்கள் உள்ளன. ஆனால் அப்படங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்று மக்களுக்குக் காட்டியவர்களை எண்ணிப் பார்ப்போர் குறைவு. கொட்டகை அமைத்தவர், கருவியை இயக்கியவர், வாசலில் நின்று சீட்டுக் கிழித்தவர், கணக்கெழுதிய மேலாளர் ஆகிய இவர்கள் யாவரும் ஒளிக்கற்றைக்குப் பின்னால் நின்றவர்கள். ஆகவே வெளிச்சம் இவர்கள்மேல் விழவில்லை. திரையில் தெரிந்தவற்றின் நன்மை தீமைகளை மறையுரைகளிலே நிறையப் பேசியிருக்கிறோம். திரைக்கு எதிர்ப்புறத்தில் உழைத்தவர்களைப் பற்றி நாம் பேசியதுண்டோ?

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. அயனம்பாக்கம் ஏரியும் வயலுமாய் இருந்த சிற்றூர். 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது மாநகரின் பகுதியாயிற்று. அதற்கு நெடுநாள் முன்பே தொழிற்சாலைகள் இவ்வட்டாரத்தின் முகத்தை மாற்றத் தொடங்கிவிட்டன. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த இளைஞர்களுக்கு வாரத்தில் ஒருநாள் மாலைப் பொழுது மட்டுமே சொந்தம். அந்த மாலையை அவர்கள் கழித்த இடங்களில் ஒன்று திரையரங்கம். அம்பத்தூரின் ராக்கி, முருகன், ஆவடியின் மீனாட்சி என்னும் பெயர்கள் இப்பகுதியில் பேருந்து நிறுத்தங்களைப் போலவே வழிகாட்டிப் பெயர்களாக வழங்கின.

இந்தத் தொழிலின் தொடக்கத்திற்குச் சென்றால், கத்தோலிக்கராகிய நமக்கு வியப்பூட்டும் செய்தியொன்று காத்திருக்கிறது. 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் தம் படக்காட்சிக் கருவியோடு திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்ப விரும்பிய அவர், கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். அவற்றை வாங்கியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883-1942). அப்போது அவர் தென்னிந்திய இரயில்வேயில் சாதாரண ஊழியர். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, எவரும் அறியாத ஒரு தொழிலுக்குள் இறங்கினார். அவர் கையில் வந்து சேர்ந்த படங்களுள் தலையாயது இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப்படம். தமிழகத்தின் ஊர்களிலே முதன்முதலாகக் கூடாரத்திற்குள் அசையும் படம் பார்த்த எளிய மக்களுள் பலர் கண்டது ஆண்டவருடைய பாடுகளின் காட்சியே.

வின்சென்ட் கூடாரத்தோடு ஊர் ஊராக அலைந்தார். தமிழகத்தோடு நில்லாமல் வடமேற்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கிழக்கே பர்மா வரையிலும் சென்றார். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். பிற்காலத்தில் 'டிலைட்' எனப் பெயர் மாறிய அவ்வரங்கின் நினைவாக இன்றும் அந்நகரில் வெரைட்டி ஹால் சாலை இருக்கிறது. அரங்கிற்கென உண்டாக்கிய மின்விசையை அவர் அச்சகத்திற்கும் ஆலைக்கும் பயன்படுத்தினார். 1933இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' என்னும் பேசும்படத்தின் தயாரிப்பிலும் பங்கு கொண்டார். இயேசுவின் வாழ்க்கையோடு தொடங்கியவர் வள்ளியின் கதைக்கும் இடங்கொடுத்ததில் நமக்கு முரண்பாடு தோன்றவில்லை. மக்கள் எதைக் கேட்டார்களோ அதை ஒழுங்காகக் காட்டுவதே காட்சியாளரின் தொழில்.

இதே காலத்தில் பம்பாயில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும். 1911ஆம் ஆண்டையொட்டி, கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டும் படமொன்றைக் கூடாரத்தில் கண்ட தாதாசாகேப் பால்கே, நம் நாட்டுப் புராணங்களையும் இவ்வாறு படமாக்க இயலாதா என ஏங்கினார். அந்த ஏக்கத்தின் கனியே 1913இல் வெளிவந்த 'ராஜா அரிச்சந்திரா'. நற்செய்தியைத் திரையிட்ட ஒரு காட்சியாளரின் உழைப்பு, இந்தியத் திரைப்படக் கலைக்கே விதையாயிற்று. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்னும் ஆண்டவரின் சொல் இங்கும் உண்மையாகிறதன்றோ?

ஆனால் இத்தொழிலில் தொடக்கத்திலிருந்தே ஓர் அச்சம் உடனிருந்தது. 1897 மே 4ஆம் நாள் பாரிஸ் நகரில் கத்தோலிக்கப் பெருமக்கள் ஏழைகளுக்காக நடத்திய அறச்சந்தையில், படக்காட்சிக் கருவியின் ஈதர் விளக்கிலிருந்து தீ மூண்டது. நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பிறருடைய பசியாற்றக் கூடிய இடமே எரிமேடையாயிற்று. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. 1918இல் இந்திய அரசு இயற்றிய சினிமாட்டோகிராப் சட்டம், படத்தைத் தணிக்கை செய்வதோடு அரங்கின் பாதுகாப்பையும் வலியுறுத்தியது. தமிழகத்தில் 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் கீழ் வந்த 1957ஆம் ஆண்டு விதிகளும் வெளிவாசல், நடைபாதை, மணல்வாளி, கருவி அறை என ஒவ்வொன்றுக்கும் வரம்பு கட்டின. அப்படியிருந்தும் 1979 சூலையில் தூத்துக்குடியில் கூரைக் கொட்டகையொன்று தீப்பற்றிப் பல உயிர்கள் பலியாயின. விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. கதவு திறந்திருக்கிறதா, வாளியில் மணல் இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கும் ஒரு மனிதர் தேவை. மேலாளர் என்பவர் முதலாவதாக அந்த மனிதரே.

கருவி அறையில் நின்றவரின் உழைப்பையும் வாசகர்கள் அறிய வேண்டும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருள் வினாடிக்கு 24 சட்டங்களாக ஓடும். ஒரு நிமிடத்திற்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருளொன்று ஏறக்குறைய பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பதினையாயிரம் அடிப் படத்திற்கு இரண்டே முக்கால் மணி நேரம். இரண்டு கருவிகளை அருகருகே நிறுத்தி, ஒன்றில் சுருள் முடியும்போது மற்றதைத் தொடங்க வேண்டும். திரையின் வலப்பக்க மேல்மூலையில் கண்ணிமைக்கும் நேரம் ஒரு புள்ளி தோன்றும். அது முதல் எச்சரிக்கை. இரண்டாம் புள்ளி தோன்றியதும் ஒளியை மாற்ற வேண்டும். அரங்கில் ஆயிரம் பேர் அழுதுகொண்டிருப்பர், ஆபரேட்டர் அழக்கூடாது. அவர் கண் கதைமேல் இருப்பதில்லை, மூலையின்மேல் இருக்கும். ஒரே கருவியைக் கொண்ட டூரிங் கொட்டகைகளிலோ, சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை விடவேண்டியிருந்தது. முறுக்கு விற்கும் சிறுவர்களுக்கு அதனால் பிழைப்பு.

ஒளி பிறந்ததும் எளிதாகவன்று. இரண்டு கரிக்கோல்களுக்கிடையே மின்சாரம் பாய்ந்து எரியும் சுடரே அன்று திரைக்கு வெளிச்சம். கோல்கள் எரிந்து தேயத்தேய இடைவெளி கூடும். அதைச் சரிசெய்துகொண்டே இருக்காவிட்டால் திரை மங்கும். தரை டிக்கெட்டிலிருந்து சீழ்க்கை ஒலி எழும். கரிப்புகையும் வெப்பமும் நிறைந்த சிறிய அறையில், நாளுக்கு மூன்று அல்லது நான்கு காட்சிகள், ஆண்டு முழுவதும், பண்டிகை நாள்களில் கூடுதலாக நின்றவர் அவர். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று குடும்பத்தோடு உணவருந்த இயலாத தந்தையர் எத்தனை பேர்! ஊர் கொண்டாடும் நாளே அவர்களுக்கு உழைப்பின் நாள். பாத்திரம் துலக்குவோர்க்கும் பலிபீடப் பணியாளர்க்கும் பொருந்துகிற உண்மையே இது. பிறருடைய விழாவுக்கு ஒருவருடைய களைப்பே விலையாகிறது.

மேலாளரின் சுமை வேறு வகையானது. படப்பெட்டி வந்து சேர்ந்ததா, வாடகையா பங்குமுறையா, குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை தேறுமா, 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேளிக்கை வரி செலுத்தப்பட்டதா, அன்றாட வசூல் கணக்கு விநியோகஸ்தருக்குப் போயிற்றா என்று அவர் எண்ணங்கள் சுழலும். ஒரே படப்பிரதியை இரண்டு அரங்குகள் பகிர்ந்துகொண்ட நாள்களில், அங்கு ஓடிமுடிந்த சுருளைச் சைக்கிளில் இங்குக் கொண்டுவரும் இளைஞனை எதிர்நோக்கி அவர் சாலையைப் பார்த்து நிற்பார். கொள்ளும் அளவுக்கு மேல் டிக்கெட் விற்றால் பணம் வரும். ஆனால் வழி அடைபடும். பெரிய நாயகரின் படம் வெளியாகும் நாளில், நெரிசலுக்கு நடுவே வாசற்கதவை மூடச்சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். மனச்சான்று என்பதை நாம் குருமடத்தில் நூல் வழியாகப் படித்தோம். அவர்கள் அதை டிக்கெட் சன்னலில் கற்றார்கள்.

திருச்சபை இவர்களை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படத்தைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், தீய படங்களினின்று மக்களைக் காப்பதை முன்னிறுத்தியது. 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடலோ ஒருபடி மேற்சென்று, தயாரிப்போர், நடிப்போர், விநியோகிப்போர் ஆகியோருடன் அரங்கு நடத்துவோரின் பொறுப்பையும் தனியே எடுத்துரைத்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டில் நல்ல படங்களையும் நல்ல அரங்குகளையும் ஆதரிக்குமாறு வேண்டியது. எனினும் பங்கு அளவில் நம் நடைமுறை வேறாயிருந்தது. தவக்காலத்தில் படம் பார்க்காதீர் என்று அறிவித்தோம். அந்த நாற்பது நாளும் அரங்கில் வேலை செய்து பிழைத்தாக வேண்டியவர் எப்படித் தவம் காப்பது என்று சொல்லவில்லை. அதே வேளையில் 1948இன் 'ஞானசௌந்தரி', 1971இன் 'அன்னை வேளாங்கண்ணி', தெலுங்கிலிருந்து வந்த 'கருணாமூர்த்தி' ஆகியவற்றைப் பார்க்கப் பங்குமக்களை நாமே ஊக்குவித்தோம். அவற்றை ஓட்டிய கைகளும் அதே கைகள்தாம்.

இனி, இவ்வரலாற்றில் நம்மை மிகவும் தொடும் பகுதிக்கு வருவோம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் திரையரங்கமே என்றும், அங்கு இருக்கையை முடிவுசெய்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்றும் ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி கருதினார். இக்கருத்தைப் படித்துவிட்டு நம் ஆலயங்களின் வரலாற்றை நோக்குவோமாக. தென்பாண்டி நாட்டின் வடக்கன்குளத்தில், சாதியார் தனித்தனியே நின்று திருப்பலி காண்பதற்கென்றே இரு கிளைகளாகப் பிரிந்த ஆலயம் எழுந்தது. உள்ளிருந்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. அதை மீண்டும் வேண்டியவர்கள் உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். வின்சென்ட் கூடாரமடித்து ஆண்டவரின் பாடுகளை எல்லாருக்கும் காட்டத் தொடங்கிய 1905இல், அதே ஆண்டவரின் பலியை நினைவுகூர்ந்த ஆலயத்தில் தடுப்பு நின்றது என்பதை நாம் மறைக்கலாகாது.

கொட்டகையைப் புகழ்ந்து ஆலயத்தைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. காசு ஒரு தடுப்பை நீக்கி வேறொரு தடுப்பை எழுப்பியது. தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் பிரிவுகள் அதைக் காட்டும். இன்றைய பன்னரங்கு வளாகங்களில் தரை டிக்கெட்டே இல்லை. தரையில் அமர்ந்தவர்களின் பிள்ளைகளுள் பலர் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். பிறப்பும் கேட்காமல் பணமும் கேட்காமல் அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்தும் கடமை நற்கருணைச் சமூகத்திற்கே உரியது. கொட்டகை பாதி வழி நடந்தது. மீதி வழியை நாம் நடந்தோமா என்பதே கேள்வி.

காலம் மாறிவிட்டது. 1964இல் மூன்று அரங்குகளோடு அண்ணாசாலையில் எழுந்த சஃபையர் வளாகம் 1994இல் மூடப்பட்டது. 1961இல் திறக்கப்பட்ட சாந்தி 2016இல் விடைபெற்றது. புதிய நூற்றாண்டில் எண்முறைக் கருவிகள் பரவியதும், படச்சுருளும் பெட்டியும் கரிக்கோலும் அவற்றை அறிந்த கைத்திறனும் வேண்டாதவையாயின. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட தமிழக அரங்குகள் நவம்பர் 10ஆம் நாளே திறந்தன. அந்த எட்டு மாதங்களில் வேறு வேலைக்குப் போன ஊழியர்கள் பலர் திரும்பவில்லை. தொழில் போனதைவிட, தம் வாழ்நாள் உழைப்பை எவரும் கேட்டறியவில்லையே என்னும் ஏக்கமே முதியவர்களிடம் மிகுதி.

ஆகவே நம் இறைமக்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் அரங்கத் தொழில் செய்து ஓய்ந்தவர்கள் இருப்பார்கள். கூரைக் கொட்டகையின் மணல் தரையையும், இரண்டாம் ஆட்டம் முடிந்த நள்ளிரவையும் நினைவில் வைத்திருப்போர் அவர்கள். இளையோர் அவர்களிடம் சென்று கேட்டு எழுதி வைக்கட்டும். பங்கின் வரலாறு குருக்களின் பட்டியலும் கட்டடங்களின் ஆண்டுகளும் மட்டுமன்று. மக்களின் உழைப்பும் அதில் அடங்கும். தாம் இருளில் நின்று பிறருக்கு ஒளி காட்டியவர்கள், ஒருவேளை தம்மையறியாமலே, நற்செய்திக்கு நெருங்கிய வாழ்வை வாழ்ந்தவர்கள். அவர்கள் பெயர்கள் மறைவதற்குமுன் அவற்றை நாம் கேட்டறிவோமாக.