கடல் வழி வந்தோம்

நம் பாலிங்கில் கடல் இல்லை. மலையும் ரப்பர்த் தோட்டங்களும் கெத்தில் ஆறும்தான் நம் ஊர். ஆயினும் நம் சமுதாயத்தின் வரலாறு கடலில்தான் தொடங்குகிறது. இந்தப் பொன்விழா மலருக்காக அவ்வரலாற்றைத் தேடியபோது, சங்கத்தினர் சிலர் துபா தீவுக்குச் சென்று வந்தோம்.

கோலக் கெடாவில் ஃபெர்ரி ஏறி, லங்காவியின் குவா துறையில் இறங்கி, அங்கிருந்து சிறு படகில் போக வேண்டும். லங்காவியின் இரைச்சல் துபாவை எட்டவில்லை. மலாய் முஸ்லிம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் கம்பங்கள் அங்குள்ளன. வாசலில் வலை காய்கிறது. பாங்கு ஒலித்ததும் பெரியவர்கள் சூராவுக்கு நடக்கிறார்கள். லுஹர் தொழுதபின் முதியவர் ஒருவர் எங்கள் ஊரைக் கேட்டார். பாலிங் என்றதும், "மலைக்காரர்களா!" என்று சிரித்தார்.

ஆனால் அவர் பேச்சில் வந்த 'கப்பால்', 'கெடாய்', 'பெத்தி' எல்லாம் நம் கப்பலும் கடையும் பெட்டியும்தான். அவை கடல் கடந்து வந்த சொற்கள்.

சோழர் காலத்தில் தமிழர் கடாரம் என்றழைத்த நாடு இது. பின்னர் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்த முஸ்லிம்களை இங்கு சூலியர் என்றனர். 1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட், 1794இல் எழுதிய அறிக்கையில், அங்குள்ள சூலியரில் பெரும்பாலோர் நெடுங்காலம் கெடாவில் வாழ்ந்தவர்கள், சிலர் கெடாவிலேயே பிறந்தவர்கள் என்று குறித்துள்ளார். பினாங்கு நகரம் எழும் முன்பே நம்மவர் கெடாவில் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள், தோட்டப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் கடை வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர் அங்கே வாங்கிய நெத்திலிக் கருவாடு, துபா முதியவரைப் போன்ற கடலோடிகளின் உழைப்பு. மலைக்கும் கடலுக்கும் நடுவே நின்றது நம் கடை.

அந்த முதியவரின் பேரப்பிள்ளைகள் குவாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நம் பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போகிறார்கள். பிழைப்புக்காகப் போவதில் தவறில்லை. நம் முன்னோரும் அப்படி வந்தவர்கள்தாம். ஆனால் நம் சங்கத்தின் ஐம்பதாண்டுக் குறிப்பேடுகளில் கூட்டமும் சந்தாக் கணக்கும் உள்ளன. யார் எந்தத் துறையில், எந்த ஆண்டில் கப்பலேறினார் என்ற ஒரு வரி இல்லை. அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஒவ்வொரு குடும்பமும் அவர்களிடம் கேட்டு எழுதிச் சங்கத்தில் சேர்க்க வேண்டுகிறோம். அடுத்த மலர், இன்ஷா அல்லாஹ், அப்பெயர்களோடு வெளிவரட்டும்.