யாழ்ப்பாணத்துத் துலாவும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்நீரை மேலே கொணர்ந்த கருவிகளை விடுத்து இந்நிலத்து வேளாண்மை வரலாற்றினை எழுதுதல் இயலாது. அவற்றுள் துலாவினை ஈண்டு நாம் ஆராய முற்படுகின்றோம்.

நீரிறைக்கும் பொறிகள் தமிழர்க்குப் புதியனவல்ல. ஆம்பி, கிழார், ஏற்றம் ஆகியவற்றைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. தமிழகத்தில் ஏற்றமென வழங்குவதே யாழ்ப்பாணத்தில் துலா எனப்படும். ஆடுகால்கள் தாங்கும் நீண்ட மரமே துலா. அதன் நுனியிலே துலாக்கொடியும், கொடியின் முனையிலே பனையோலையாலான பட்டையும் பிணைக்கப்பட்டிருக்கும். வீட்டுக் கிணற்றின் சிறிய துலாவை ஒருவரே இயக்கலாம். தோட்டத்து இறைப்புக்கோ பலர் வேண்டும். துலா மிதிப்போர் நுனியை நோக்கி நடக்கப் பட்டை கிணற்றில் இறங்கும். அடியை நோக்கி மீளப் பட்டை நிறைந்து எழும். ஒருவர் பட்டை பிடித்து நீரை வாய்க்காலிலே சரிப்பார்; பிறிதொருவர் பாத்திதோறும் நீரைத் திருப்புவார். புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் இவ்வுழைப்பினாலேயே விளைந்தன.

எனினும், அக்காலத்தைப் பொற்காலமெனக் கொள்ளுதல் பொருந்தாது. துலாவிலிருந்து தவறி வீழ்தல் உயிருக்கே ஊறாகும். மேலும், ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் பிறரின் கிணற்றிலே நீரள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, யாரேனும் வார்க்கும்வரை காத்துநின்றனர். கே. டானியலின் 'தண்ணீர்' என்னும் நாவல் இக்கொடுமையைப் பொருளாகக் கொண்டதாகும்.

இனி, துலாவின் பிறிதொரு தன்மை நோக்கற்பாலது. குடாநாட்டின் நன்னீர், பாறையினுள்ளே உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. கடன்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்குமென்பது நிலநீரியலார் கொள்கை. ஆகவே மேன்மட்டம் சிறிது தாழினும் உவர்நீர் பெரிதும் மேலெழக்கூடும். துலா மிதிப்போர் களைத்தபோது இறைப்பும் நின்றது, கிணறும் ஊறியது. மனித உடலின் எல்லையே நீரெடுப்பின் எல்லையாயும் அமைந்தது.

1950களிலும் 1960களிலும் பரவிய நீரிறைக்கும் இயந்திரங்கள் அவ்வெல்லையை அகற்றின. பயிர்நிலம் விரிந்தது, கூலியாளரின் கடும் உழைப்பும் குறைந்தது. ஆயின், மிகையான இறைப்பினாற் பல கிணறுகள் உவர்ப்படைந்தன. 1990இன் பின் எரிபொருட்டடை நிலவிய ஆண்டுகளில் இயந்திரங்கள் பல ஓய்ந்திருக்க, மனித வலுவாலான இறைப்பு மீண்டும் தேவைப்பட்டது. அது விரும்பி மேற்கொண்ட மீட்சியன்று. இடர் விளைத்த கட்டாயமேயாகும்.

துலாவுக்கு மீளுமாறு நாம் கூறவில்லை. அன்று மிதிப்போரின் களைப்பு விதித்த எல்லையை இன்று மக்கள் கூடி வகுத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு. அதற்குக் கிணறுதோறும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் காலந்தோறும் அளந்து பதிதல் முதற்பணியாகும்.