400 கஜம், நொடிக்கு 5 எழுத்து

காலேஜ்ல நெட்வொர்க்ஸ் பரீட்சைக்கு 'ஸ்லோ ஸ்டார்ட் என்றால் என்ன?'ன்னு ஒரு 2 மார்க் கேள்வி வரும். மனப்பாடம் பண்ணி எழுதிட்டு, ஹாலை விட்டு வெளிய வந்ததும் மறந்தாச்சு. அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குன்னு யாரும் சொல்லலை. இப்போ நான் சொல்றேன் :-)

1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் மலைமேல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், கீழே பெர்க்லி பல்கலைக்கழகம். நடுவில் 400 கஜம்தான் தூரம். இரண்டுக்கும் இடையே இருந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதாவது நொடிக்கு 5 எழுத்து! டேப்பைக் கையில் எடுத்துக்கிட்டு நடந்தே போயிருக்கலாம்.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேகப்சன், பல்கலைக்கழகத்தில் பிஎஸ்டி யூனிக்ஸ் வேலை பார்த்த மைக் கேரல்ஸோடு சேர்ந்து காரணத்தைத் தேடினார். கம்பி அறுந்து போகலை. பிரச்சினை கணினிகளோட அவசரத்தில் இருந்தது. அனுப்பின பாக்கெட்டுக்குப் பதில் வரலைன்னா டிசிபி மறுபடி அனுப்பும். வழியில் நெரிசல், அதனால் பதில் தாமதம். உடனே எல்லோரும் இன்னொரு தடவை அனுப்ப, நெரிசல் இன்னும் அதிகம். போனதெல்லாம் பெரும்பாலும் பழைய சரக்கோட நகல்தான். இப்படி ஆகும்னு ஜான் நேகல் 1984லேயே எச்சரிச்சிருந்தார்.

ஜேகப்சன் சொன்ன மருந்து ரொம்ப எளிமை. முதலில் ஒரே ஒரு பாக்கெட் அனுப்பு. பதில் வர வர அளவைக் கூட்டு. ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலோட அறிகுறியா எடுத்துக்கிட்டு, வேகத்தைச் சட்டுனு குறை. அப்புறம் மெதுவா ஏறு.

இதுல என்னை அசர வச்ச விஷயம், நடுவில் இருந்த ரவுட்டர்களில் கை வைக்கவே இல்லை. போலீஸ்காரர் கிடையாது, சிக்னல் கிடையாது. ஓரத்தில் இருக்கிற ஒவ்வொரு கணினியும் தானாவே அடங்கணும், அவ்வளவுதான். 1988ல் இது பிஎஸ்டியின் டாஹோ வெளியீட்டோட போச்சு. அதே வருஷம் கட்டுரையும் வந்தது. 1989ல் இணையக் கணினிகளுக்கான விதிமுறையில் கட்டாயமாவே ஆயிடுச்சு. கணக்குகள் பிறகு பலவிதமா மாறினாலும், 'நெரிசல்னா அடங்கு' என்ற அடிப்படை மாறலை.

சரி, இதெல்லாம் இப்போ ஏன்? நான் எழுதின ஒரு ப்ரோக்ராம், சர்வர் பதில் தரலைன்னா அடுத்த நொடியே மறுபடி கேட்கும். ரொம்ப சாமர்த்தியம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு ராத்திரி சர்வர் படுத்துடுச்சு. எழுப்ப எழுப்ப, என் ப்ரோக்ராம்களே கூட்டமா வந்து மறுபடி சாய்ச்சுது. விடியற வரைக்கும் இதே கூத்து.

காலைல டீம் லீட் வந்து கோடைப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்பா, கொஞ்சம் பொறுத்துக் கேட்கக் கூடாதா?"

அந்த 2 மார்க்கோட அர்த்தம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது.