வீட்டிலே நடந்த இரு பள்ளிகள்: இல்லக்கல்வி வரலாறு தரும் பாடம்



ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளையை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கலாமா, அதற்கான கலைத்திட்டத்தை எவ்வாறு வரைவது எனப் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக வினவி வருகின்றனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு இது எளிதில் விடை சொல்லத்தக்க வினாவன்று. நாம் பள்ளிக்காகப் பாடுபட்ட சமுதாயத்தினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் பயனாகவே பல தோட்டங்களில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கூரையும் ஒரு கரும்பலகையும் கிடைத்தன. அப்படிப் பெற்ற பள்ளியை விட்டு விலகுவதா என்று மூத்தோர் மனம் பதறுவதில் வியப்பில்லை.

ஆயினும், வினா எழுந்துவிட்டது. உடல்நலக் குறைவாலோ, கற்றல் சிக்கலாலோ, பகடிவதைக்கு அஞ்சியோ, வேறு காரணங்களாலோ சில குடும்பங்கள் இவ்வழியைத் தேர்கின்றன. அவர்களை ஏசிப் பயனில்லை. வீட்டையே பள்ளியாக்கிய முன்னோர் என்ன செய்தனர், அதனால் விளைந்தது என்ன என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே நலம். அவ்வகையில், இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் உருவான இரண்டு வீட்டுக் கலைத்திட்டங்களை ஈண்டு காண்போம்.

அதற்கு முன் சட்டம் பற்றி ஒரு சொல். மலேசியாவில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002-இல் திருத்தப்பட்டு, 2003 முதல் ஆறாண்டுத் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இடைநிலைக்கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2025-இல் மக்களவையில் நிறைவேறியது. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் 2003 சனவரி முதல் நடப்பில் உள்ளது. அங்கு விலக்குப் பெற்று வீட்டில் பயிலும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும். ஆகவே, கலைத்திட்டம் வரையும் முன்னர்க் கல்வி அமைச்சின் விதிகளை நேரில் கேட்டறிவதே முதற்பணி.

முதற்பள்ளி: தந்தையின் எழுத்து மேசை

ஜான் ஸ்டூவர்ட் மில் 1806-இல் இலண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். பள்ளி வாயிலை மிதிக்காமலே பேரறிஞராக வளர்ந்தவர். அவருடைய ஆசிரியர் தந்தை ஜேம்ஸ் மில். இவர் 1817-இல் இந்திய வரலாற்றை நூலாக வெளியிட்டுப் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியில் அமர்ந்தவர். இந்திய மண்ணை மிதிக்காமலும் இந்திய மொழி ஒன்றையேனும் கல்லாமலும் அந்த வரலாற்றை எழுதினார் என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

அந்த வீட்டுக் கலைத்திட்டத்தைப் பாருங்கள்! மூன்று வயதில் கிரேக்க மொழி. தந்தை சொற்களையும் பொருளையும் அட்டைகளில் எழுதித் தருவார். எட்டு வயதில் இலத்தீன். பன்னிரண்டு வயதில் அளவையியல். பதின்மூன்று வயதில் பொருளியல். அந்நாளில் கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் தரும் அகராதி இல்லாமையால், தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் சிறுவன் தந்தையைத்தான் கேட்க வேண்டும். தந்தையோ அதே மேசையில் தம் நூலை எழுதிக்கொண்டிருப்பார். அத்தனை இடையூறுக்கு நடுவிலும் அவர் விடையளித்து வந்தார். பிள்ளைக்கு வீட்டில் கற்பிப்பது எத்தகைய உழைப்பு என்பதற்கு இது ஒன்றே சான்று.

இத்திட்டத்தில் நாம் பாராட்டத்தக்க கூறுகள் உண்டு. சிறுவன் முதல் நாள் படித்தவற்றைத் துண்டுத் தாள்களில் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையுணவுக்கு முன்னர்த் தந்தையுடன் உலாவும்போது தன் சொற்களில் எடுத்துரைக்க வேண்டும். பொருளியலையும் தந்தை நடந்தபடியே விளக்குவார். மகன் அதனை மறுநாள் எழுதிக் காட்டுவான். தெளிவு பிறக்கும் வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அக்குறிப்புகளே 1821-இல் வெளிவந்த தந்தையின் பொருளியல் நூலுக்குத் துணையாயின. சிந்தித்துக் கண்டறியக் கூடியது எதையும், மகன் முயன்று களைக்கும் வரை, தந்தை சொல்லிக் கொடுத்ததில்லை. உருப்போடும் படிப்புக்கு அங்கு இடமே இல்லை.

நமக்கு நெருக்கமான இன்னொரு செய்தியும் உண்டு. ஜான் தான் கற்ற இலத்தீனைத் தன் தங்கைக்கும் தம்பியருக்கும் கற்பித்தார். அவர்கள் பாடம் ஒப்புவிக்கத் தவறினால் அவரே பொறுப்பு. மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் இம்முறை அந்நாளில் இங்கிலாந்தில் பெரிதும் பேசப்பட்டது. அதனைப் பரப்பிய ஒருவர் ஆண்ட்ரூ பெல். அவர் சென்னையில் அநாதைப் பள்ளி ஒன்றின் பொறுப்பில் இருந்தபோது, நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுத்துப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் கற்பிக்கும் முறையையும் அங்கேயே வளர்த்தெடுத்தார். அது இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் புதுமை ஏது? ஆனால் ஜான் மில் இம்முறையை முழுமையாகப் பாராட்டவில்லை. கற்றதைப் பிறருக்கு விளக்கியதால் தம் அறிவு ஆழமாயிற்று என ஏற்றவர், உடன்பிறந்தாரிடையே ஆசிரியர் மாணவர் உறவு நற்பண்பை வளர்ப்பதில்லை எனவும் எழுதினார். மூத்த பிள்ளையை இளையோருக்கு ஆசிரியராக்க எண்ணும் பெற்றோர் இதனைக் கருத வேண்டும்.

நிரம்பிய திட்டத்தில் விடுபட்டவை

அத்திட்டத்தில் விடுமுறையே இல்லை. உழைக்கும் பழக்கம் முறிந்துவிடும் என்று தந்தை அஞ்சினார். பிற சிறுவரோடு பழக விடவில்லை. அவர்களுடைய தாக்கம் கூடாது என்பது அவர் எண்ணம். கைத்தொழில் பயிற்சியும் இல்லை. கைத்திறன் வேண்டிய செயல்களில் தாம் நெடுங்காலம் தேர்ச்சியற்றே இருந்ததாக மகனே பின்னர் எழுதினார். எல்லாவற்றினும் மேலாக, உணர்வுக்கு அத்திட்டத்தில் உரிய இடம் தரப்படவில்லை.

1826-இல், இருபது வயதில், ஜான் மில் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா எனத் தம்மையே வினவிக்கொண்டார். உண்டாகாது என்னும் விடையே உள்ளிருந்து வந்தது. எதையும் பகுத்துப் பார்க்கும் பழக்கம், தனித்து நிற்கும்போது உணர்வின் வேரை அரித்துவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார். அச்சோர்விலிருந்து அவரை மீட்டவற்றுள் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் முதன்மையானவை. அவற்றை அவர் 1828-இல் படித்தார். அவர் மறைந்த 1873-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த தன்வரலாற்றில் இவை யாவும் பதிவாகியுள்ளன.

அவர் தந்தையைத் தூற்றவில்லை. அக்கல்வியால் தம் காலத்தவரைக் காட்டிலும் கால் நூற்றாண்டு முன்னதாகத் தொடங்க முடிந்தது என்றே எழுதினார். நன்றியும் வலியும் ஒருங்கே கலந்த அந்நூல் இல்லக்கல்வியை எண்ணும் பெற்றோர் படிக்கத்தக்கது.

இரண்டாம் பள்ளி: அஞ்சலில் வந்த பாடம்

மில் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1886-இல், சார்லட் மேசன் என்னும் ஆசிரியை இல்லக்கல்வி பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். பெற்றோருக்கென ஒரு கல்விச் சங்கத்தையும் 1890-இல் ஓர் இதழையும் தொடங்கினார். 1891-இல் வீட்டில் பயிலும் பிள்ளைகளுக்கு அஞ்சல்வழிப் பாடத்திட்டம் அனுப்பலானார். மறு ஆண்டு ஆம்பிள்சைடு என்னும் ஊரில் ஆசிரியைப் பயிற்சியகம் நிறுவினார்.

பருவந்தோறும் குடும்பங்களுக்கு ஒரு பாடத்திட்டம் வந்து சேரும். எந்த நூல், எத்தனை பக்கம் என்பது அதில் இருக்கும். பருவ இறுதியில் தேர்வு வினாக்கள் வரும். பிள்ளைகளின் விடைகளைப் பெற்றோர் அனுப்பி வைப்பர். குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களும் இத்திட்டத்தைப் பயன்படுத்தின.

பாடத்தை ஒருமுறை படித்ததும் பிள்ளை அதனைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். மில்லின் காலை உலாவில் நடந்ததும் இதுவே! இவ்விரு திட்டங்களும் கைகுலுக்கும் இடம் இது. ஆனால் மற்றவற்றில் மேசன் அம்மையார் வேறு வழி சென்றார். சிறுவருக்கு ஒரு பாடம் சுமார் 20 நிமிடம். மூத்தோருக்கும் 45 நிமிடத்தைத் தாண்டாது. காலையோடு பாடம் முடிவுறும். பிற்பகல் பிள்ளைக்கே உரியது. வெளியே உலாவலாம். கண்ட செடியையும் பறவையையும் குறிப்பேட்டில் வரையலாம். கைவினை பழகலாம். மதிப்பெண்ணும் பரிசும் காட்டிப் படிக்கத் தூண்டுவதை அவர் ஏற்கவில்லை. வறண்ட பாடச்சுருக்கங்களை ஒதுக்கி, உணர்வோடு எழுதப்பட்ட முழு நூல்களையே பிள்ளையின் கையில் கொடுக்கச் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளையும் படித்தனர்.

வசதி படைத்தோருக்கு மட்டுமே இது பொருந்தும் என்று சிலர் கருதலாம். 1914 முதல் யார்க்சயரில் சுரங்கத் தொழிலாளர் ஊர்ப் பள்ளி ஒன்றும் இத்திட்டத்தைப் பின்பற்றியது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் அதே நூல்களைப் படித்துத் தன் சொற்களில் எடுத்துரைத்தது. தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கற்பித்த எவருக்கும் இச்செய்தி மனநிறைவு தரும்.

நம் பிள்ளைக்கான திட்டம்

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். வீட்டுக் கலைத்திட்டத்தில் எழுதப்படாதது பிள்ளையின் வாழ்விலும் எளிதில் இடம்பெறாது. பள்ளியில் எவரும் திட்டமிடாமலே பல நடைபெறும். ஓய்வுநேரத்தில் நட்பு மலரும். சபைகூடலில் பேச்சு கைவரும். திடலில் தோல்வியைத் தாங்கும் பக்குவம் பிறக்கும். வீட்டில் இவற்றுக்கும் பெற்றோரே இடம் ஒதுக்க வேண்டும். ஜேம்ஸ் மில்லுக்கு அறிவில் குறைவில்லை. ஆயினும் அவர் ஒதுக்காத இடங்களை அவர் மகன் இருபது வயதில் தேடி அலைந்தார்.

ஆகவே, 12 முதல் 15 வயது வரையிலான பிள்ளைக்குத் திட்டம் வரைவோர் கீழ்க்காண்பவற்றை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பாடங்களை நிரப்பலாம்:

1. ஒவ்வொரு பாடமும் பிள்ளை தன் சொற்களில் எடுத்துரைப்பதோடு முடிவுற வேண்டும். பேசியோ எழுதியோ காட்டலாம். பயிற்சிநூலில் கோடிட்ட இடத்தை நிரப்புவது இதற்கு ஈடாகாது.

2. கணிதம், அறிவியல், மொழிகளைக் காலையில் முடித்துக்கொள்க. பிற்பகலை மீண்டும் துணைப்பாட வகுப்பால் நிரப்பாதீர்.

3. வாரத்தில் சில நாளேனும் ஒத்த வயதினருடன் கூடும் வாய்ப்பு வேண்டும். ஆலயத் தேவார வகுப்பு, விளையாட்டுக் குழு, நூலகம் எதுவாயினும் சரி.

4. சமையல், தோட்டவேலை, தையல், தச்சு எனக் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

5. தமிழுக்கு நாள்தோறும் ஒரு நேரம் வேண்டும்.

ஐந்தாவதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இல்லக்கல்விக்கெனப் பெற்றோர் வாங்கும் பாடத்தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. நாம் எழுதிச் சேர்த்தாலன்றித் தமிழ் அதில் தானாக வராது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் வளர்ந்த மொழி, அடுத்த மூன்றாண்டில் ஓசையின்றித் தேய்ந்து போகும். 'வீட்டில் பேசுகிறோமே, போதாதா?' என்பர் சிலர். அடுப்படிப் பேச்சு மட்டும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சிந்தனைக்குப் போதாது. அந்த வயதில்தான் நீதி, அநீதி, வரலாறு, காதல், மரணம் பற்றியெல்லாம் மனம் வினவத் தொடங்குகின்றது. அவ்வினாக்களுக்கு உரிய சொற்களைத் தமிழில் அது பெறாவிட்டால், பின்னர்த் தமிழில் எதையும் ஆழமாக எண்ணாது.

ஆகவே, முழு நூல்களைக் கொடுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளை 1942-43-இல் நிகழ்ந்த சயாம் இரயில் பாதைக் கொடுமையைப் படிக்கும்போது, ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலையும் உடன் படிக்கட்டும். வரலாறும் மொழியும் ஒரே பாடமாகிவிடும். படித்ததைத் தாத்தா பாட்டியிடம் எடுத்துரைக்கட்டும். அவர்கள் தம் பெற்றோர் சொல்லக் கேட்டவற்றைக் கூறுவார்கள். எந்த அஞ்சல்வழிப் பாடமும் தரவியலாத பாடம் அது. எஸ்.பி.எம். தேர்வில் தனியார் தேர்வராகத் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எழுத வழியுண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளியை விட்டுப் போன பிள்ளை நம் பிள்ளையே. வீட்டில் பயிலும் மாணவர் நூல் கேட்டு வந்தால் கொடுங்கள். எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்தால் திருத்திக் கொடுங்கள். சிறுவன் ஜானுக்குக் கற்பிக்க அவ்வளவு பெரிய இலண்டனில் தந்தை ஒருவரே இருந்தார். நம் பிள்ளைக்கு அந்நிலை வரவேண்டாம்.