வண்டி விளக்கின் வரலாறு

நம் சங்கத்தாருட் பலர் லாரித் தொழிலை மேற்கொண்டிருத்தலின், வண்டி விளக்கின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆதியில் மோட்டார் வண்டிகட்கு எண்ணெய் விளக்கும், கார்பைடுக் கல்லில் நீர் சொட்ட எழும் வாயுவால் எரியும் விளக்குமே இருந்தன. 1912-ஆம் ஆண்டு வண்டிகளில் அமெரிக்கக் காடிலாக் கம்பெனியார் மின்விளக்கு அமைத்தனர். ஐரோப்பாவில் 1962-இல் ஹாலஜன் பல்பும், 1991-இல் செனான் விளக்கும் தோன்றின; பின்னர் எல்.இ.டி. பரவிற்று.

ஒளி பெருகப் பெருக, எதிர்வருவோர் கண் கூசும் தீங்கும் பெருகிற்று. ஆதலின் துணைவிளக்கு வாங்குவோர் பிரகாசத்தை மட்டும் நோக்காது பயனையும் நோக்குக. மூடுபனிக்கு உரியது தாழ்வாக அமைந்து அகன்று பரவும் விளக்கே. உயரத்திலிருந்து வீசும் ஒளி பனித்துளிகளிற் பட்டு ஓட்டுவோன் கண்ணுக்கே மீளும். தொலைவு காட்டும் விளக்கோ ஹைபீமுடன் மட்டும் எரிந்து, எதிரே வண்டி வரின் உடன் அணைதல் வேண்டும். 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் பல்பை இட்டாற் கருகிவிடும். மின்சாரம் பியூஸ், ரிலே வழியே செல்லுதல் நன்று. கண்ணாடியிற் படிந்த சேற்றைத் துடைத்தலும், எர்த் இணைப்பின் துருவைச் சுரண்டுதலும், குலுங்கித் தளர்ந்த திருகாணியை முடுக்கி ஒளி விழும் இடத்தைச் சரிபார்த்தலும் அடிக்கடி செய்யத் தக்கன.

எதிரே வரும் ஓட்டுநனும் ஒரு குடும்பத்திற்கு விளக்காவான். அவன் கண்ணை மறைத்து நாம் பெறும் ஒளி இருளினுங் கொடிது.